நாற்பதாவது கட்டை

பள்ளிக்கூடத்து ஆள் வந்து
"பியானோ ரிப்பேர் பாப்பீங்களா" என்றபோது
ஓவர்லாக் மெஷினுக்குள் கை விட்டிருந்தேன்.
பார்த்ததே இல்லை என்றேன்.
"இந்த ஊர்ல யாரும் பாத்ததில்ல,
நீங்கன்னா தெறந்தாவது பாப்பீங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

ஜூன் மாதம். கிருஷ்ணகிரி முழுக்க மாங்கூழ் வாடை.
ரவுண்டானாவில் ஸ்கூட்டி திரும்பும்போது
டப்பாவில் திருப்புளிகள் குலுங்கின.

இம்மாக்குலேட் டீச்சர் ஒரு கட்டையை அமுக்கிக் காட்டினார்.
இடமிருந்து எண்ணினேன், நாற்பது.
அமுங்கியது, எழுந்தது, அவ்வளவுதான்.
"எந்தப் பாட்டும் இதத் தாண்டித்தான் போகணும் நஸ்ரின்.
இந்த எடம் வந்தா பிள்ளைங்க வாயால பாடிட்டுப் போயிடுதுங்க."

முன்பலகையைக் கழற்றினேன்.
நிமிர்ந்து நின்ற கம்பிகள்,
ஒவ்வொன்றின் முன்னும் கம்பளி ஒட்டிய சுத்தியல்,
ஒவ்வொன்றின் மேலும் வாய்பொத்தும் ஒரு மெத்தை.
பக்கத்துக் கட்டையை மெல்ல, மிக மெல்ல அமுக்கினேன்.
முதலில் மெத்தை விலகியது.
பிறகு சுத்தியல் கிளம்பியது.
கம்பியைத் தொட இரண்டு மில்லிமீட்டர் இருக்கையில்
அதைத் தூக்கிவந்த மரக்குச்சி
சட்டென்று நழுவி ஒதுங்கிக்கொண்டது.

மூன்று முறை பார்த்தேன்.
விரலுக்கும் கம்பிக்கும் இடையில்
கடைசி இரண்டு மில்லிமீட்டர் யாருக்கும் சொந்தமில்லை.
சுத்தியல் தானாகப் பறந்து
அடித்துவிட்டுத் தானாக விழுகிறது.

சுவரில் தொங்கிய கிதாரை எடுத்து
ஒரு கம்பியை நகத்தால் இழுத்துப் பிடித்தேன்.
இழுத்துப் பிடித்திருக்கும் வரை ஒன்றுமில்லை.
விட்டேன்.
இங்கேயும் அதே கதைதான்.

நாற்பதாவது குச்சிக்கு அடியில்
ஸ்பிரிங் துருவாக உதிர்ந்திருந்தது.
டப்பாவைக் கவிழ்த்தேன்.
மேல்நூலை இறுக்கும் ஸ்பிரிங்,
தேன்கூடு போல் ஒருபக்கம் குறுகியது,
இரண்டு சுற்று நறுக்கி வைத்தேன்.

டொக்.
சுத்தியல் போய்க் கம்பியிலேயே ஒட்டிக்கொண்டது.
வந்த வேலை முடிந்தும் வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி
தான் எழுப்பிய சத்தத்தைத் தானே அமுக்கிக்கொண்டு.
இன்னும் ஒரு சுற்று நறுக்கினேன்.
திருகை அரைத் திருப்பு திருப்பினேன்.

அடித்தது.
டீச்சர் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கட்டையையே
பதினேழு தடவை அமுக்கினார்.

கல்யாணத்துக்கு முன் ஜெகதேவியில்
கிரானைட் பட்டறையில் இருந்தேன்.
கல்லைத் தட்டினால் ணங் என்றால் ஏற்றுமதி,
டொப் என்றால் உள்ளே விரிசல், ஜல்லிக்குப் போகும்.
பழக்கதோஷம், பியானோவின் முதுகுப் பலகையைத் தட்டினேன்.
ணங்கும் இல்லை, டொப்பும் இல்லை.
பெரிய வயிற்றுக்காரர் சிரித்த மாதிரி ஒன்று.
கம்பி சும்மா முணுமுணுக்கிறது டீச்சர்,
ஊருக்குச் சொல்வது இந்தப் பலகைதான் என்றேன்.
"தெரியும்" என்றார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

வலது மிதியை எண்ணெய் போட்டு அழுத்திப் பார்த்தேன்.
எல்லா மெத்தையும் ஒன்றாக விலகின.
கட்டைகளில் யார் கையும் இல்லை.
அப்போது பெங்களூர் ரோட்டில்
கல் ஏற்றிய லாரி ஒன்று
ஹார்ன் அடித்துக்கொண்டே போனது.

ஹார்ன் நின்றது.
பெட்டிக்குள் நிற்கவில்லை.
இருநூறு கம்பிகளில் எவை எவைக்கு
அந்த டிரைவரின் சுருதி பொருந்தியதோ
அவை மட்டும்
இருட்டில் நின்றபடி
பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

நாங்கள் இருவரும் மிதியைப் பார்த்தோம்.
என் கால் அதன்மேல் இருந்தது.
எடுக்க மனமில்லை.

பில்லில் எழுதினேன்:
ஸ்பிரிங் ஒன்று, இருபது ரூபாய்.
எண்ணெய், பத்து.
கூலி என்ற இடத்தில் பேனா நின்றது.
"எழுதுங்க" என்றார் டீச்சர்.
அடுத்த லாரி வரட்டும் என்றேன்.