வாசி

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
"எந்த ஆண்டு முதல் குடியிருக்கிறீர்கள்?"
விடைக்கு விட்டிருக்கும் கட்டத்தில்
நான்கு எண் நிற்கலாம்,
நெருக்கியடித்து.

உடுமலையில் விடியற்காலை பஸ் ஏறி
சோதனைச்சாவடியில் பேர் கொடுத்து
பதினோரு மைல் நடந்து ஈசல்திட்டு போய்ச் சேர்ந்தேன்.
பையில் நாற்பத்தொரு படிவம்,
இரண்டு பேனா, அட்டைக்கு உப்பு.

ஊருக்கு மேலே கரட்டில் ஒரு கல்திட்டை.
மூன்று பலகை நிறுத்தி நாலாவதால் மூடிய வீடு.
யாருடையது என்றேன்.
"எங்களுக்கு முந்தி இருந்தவங்களுதுங்" என்றான் நாட்ராயன்.
அவங்க எங்கே போனாங்க?
உள்ளே குட்டி போட்டிருந்த வெள்ளாடு
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
அசைபோடப் போய்விட்டது.

கீழ்க்குடி சொல்கிறது:
தாது வருசப் பஞ்சத்தில்
கிழங்கு தோண்டத் தோண்ட மேலே வந்தார்களாம்.
மேற்குடி சொல்கிறது:
பாளையக்காரன் ஒருத்தன் பெண் கேட்டானாம்,
உலையில் அரிசி வேகும்போதே ஏறிவிட்டார்களாம்.
நடுவிலிருக்கும் ஏழு வீடு
பன்னி தொரத்துச்சு, வந்தோம் என்று சிரிக்கிறது.
எந்தக் கதையிலும் வருசம் இல்லை.

வருசம் உள்ளவை வேறு.
துரை நட்ட தேக்குக்கு வரிசை எண் உண்டு.
யாரோ ஒரு துரைசானி பூவுக்காகக் கொண்டுவந்த உண்ணிச்செடி
பாதிப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டது,
மனு ஏதும் போடாமல்.

இரண்டு ஆதாரம் வேண்டும் என்றேன்.
கரண்ட் பில் இல்லை, கரண்ட் இல்லை.
வீட்டு வரி வாங்க யாரும் வந்ததில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் குருவக்காள்
மூங்கில் குழாயிலிருந்து ஒரு காகிதம் உருவினாள்.
புகையேறித் தேன் நிறமாகியிருந்தது.
"ஈசல்திட்டு வாசி மாசான்
அனுமதியின்றி மூங்கில் வெட்டிக் குடிசை போட்ட குற்றம்.
அபராதம் ரூபாய் மூன்று. 14.6.1962."

வாசி.
அந்த ஒரு சொல்லை விரலால் தடவினேன்.
எவரோ ஒரு ரேஞ்சர்
மழைக்கு முந்திய புழுக்கத்தில், கோபத்தில்,
தெரியாமலே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத்
தன் குற்றத்தைத் தேடியது.
பரணில், ராகிக் குதிரில், சாமிப் பெட்டியில்.
ஆடு மேய்த்தது, இரண்டு ரூபாய்.
விறகு ஒரு சுமை, எட்டணா.
தேன் அழித்தது.
தடை செய்த இடத்தில் தீ மூட்டிக் குளிர் காய்ந்தது.
"எங்க அப்புச்சி மூணு தடவை மாட்டியிருக்குதாக்கும்!"
நேற்றுவரை வாயில் வராத சங்கதியை
லாந்தர் வெளிச்சத்தில் கைமாற்றிக் கொண்டார்கள்,
கல்யாணப் பத்திரிகை மாதிரி.

நாட்ராயன் எழுந்து போகவில்லை.
அவன் அப்பன் செவந்தான்
நடந்தால் சருகு சத்தம் போடாது.
ஐம்பது வருசத்தில் ஒரு கார்டிடமும் சிக்கியதில்லை.
ஊரே சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை அது.
"எங்கப்பன் மாட்டவே இல்லீங்" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நான் இப்பப் போயி ஒரு மூங்கில் வெட்டட்டுமா?
நானே சாவடில போய்ச் சொல்லிப்போடறன்."
தேதி இன்றைக்குத்தான் போடுவார்கள் என்றேன்.
"அப்பன் தேதி போட மாட்டாங்களா?"
நான் பேனாவை மூடித் திறந்து மூடினேன்.

நாற்பது படிவம் நிறைந்தது.
ஒன்று வெறுமனே கிடந்தது,
இறக்கத்தில் அதுதான் கனத்தது என்று எழுத ஆசை;
இல்லை, கனத்தது குருவக்காள் கட்டிக்கொடுத்த பலாப்பழம்.

சாவடியில் கார்டு நோட்டைத் திருப்பினார்.
என் பேர், அப்பா பேர்,
உள்ளே போன தேதி, வெளியே வந்த மணி.
கையெழுத்துப் போடச் சொன்னார்.
ஈசல்திட்டில் நான் இரண்டு ராத்திரி இருந்ததற்கு
அரசாங்கத்திடம் சாட்சி இருக்கிறது.