நிகர எடை

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்
எடை மேடையில் எனக்கு ராத்திரி வேலை.
வைக்கோல் லாரி ஏறும்போது இரும்பு முனகும்.
சிவப்பு எண்கள் துள்ளும், தயங்கும், நிற்கும்.
மொத்த எடை. வண்டி எடை.
கழித்தால் மிஞ்சுவதற்குத்தான் காசு.

இரண்டு லாரிகளுக்கு நடுவே
பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச மடிக்கணினியைத் திறப்பேன்.
மூடி விரிசலில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி.
விண்டோஸ் மூன்றாம் வருஷமே மூச்சை விட்டது.
லினக்ஸ் போட்டுத் தந்தவன் கொழிஞ்சாம்பாறை ரெஜீஷ்.
"இனி இது சாகாது சேச்சி,
கேம் மட்டும் கேக்காதே" என்றான்.
கேட்டேன்.

ஒன்பது விளையாட்டு, ஒரே கட்டு,
முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
பக்கத்தின் கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது:
இன்னும் பதினோரு மணி நேரம், இன்னும் பத்தே முக்கால்.
பெரிய கம்பெனி ஒன்றுமில்லை.
எங்கோ தனியாக ஒருத்தி, எங்கோ ஓர் அண்ணன் தம்பி,
சாப்பாட்டு மேசையை ஒதுக்கிச் செய்தவை.

புண்ணாக்கு மூட்டைக்காரர் வாங்காமல் போன சீட்டின் பின்புறம்
கணக்கெழுதினேன்.
மொத்தம் ஒன்பது.
பென்குயின் முத்திரை உள்ளவை மூன்று.
இரண்டுக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளன் நிற்க வேண்டும்,
விண்டோஸ் பேச்சை லினக்ஸ் காதில் ஓதுபவன்.
அதனாலென்ன,
இந்தச் சாவடியில் மலையாளத்தில் கேட்டால் தமிழில் பதில்,
அதற்காக ஒரு லாரியும் நின்றதில்லை.
ஒன்று என் ரெண்டு ஜிபி மெமரியைப் பார்த்துச் சிரிக்கும்.
ஒன்றில், திருட்டாட்டம் பிடிக்க வைத்த காவலாளி
பென்குயினைக் கண்டதும் கதவைச் சாத்துவான்.
மீதி இரண்டு எனக்கு ஆகாது:
ஒன்றில் ரத்தம், இன்னொன்றில் சீட்டு.

கழித்தால் ஐந்து.
ஒன்றுக்கு எழுபது ரூபாய், இருபது பைசா குறைய.

"தள்ளுபடிங்கறது கிழிஞ்ச மூட்டையம்மா,
இங்க எடை சரியா நிக்கும்,
ஊடு போய்ச் சேர்றப்ப கொறையும்"
என்றார் முதலாளி சென்னியப்பன்.
மாட்டுத்தீவனம் வாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.
நானும் திருத்தவில்லை.

வாங்கினேன்.

மூன்று முதல் இரவே ஓடின.
நான்காவது, கலங்கரை விளக்கத்துக்கு எண்ணெய் ஊற்றும் ஆட்டம்,
பென்குயின் முத்திரையோடுதான் வந்தது,
திறந்த ஏழாம் வினாடி செத்தது.
ஆறு தடவை.
ஏமாந்த கோபம் முந்நூறு ரூபாய்க்கு மேல் இருந்தது.
பிழைச்செய்தியை அப்படியே எடுத்து
எனக்கு வந்த இங்கிலீஷில் செய்தவளுக்கே அனுப்பினேன்.
தேங்காய் லாரிகள் வரிசையாக நின்ற விடியலில் பதில்:
இது என்ன பெயர், உங்கள் கோப்புறைக்கு?
என் நிரல் இந்த எழுத்துகளைப் பார்த்ததே இல்லை.

பதிவிறக்கங்கள்.

என் கணினியில் எல்லாம் தமிழில்தான்.
அந்த ஒரு சொல்லின் மேல் ஏறத் தெரியாமல்
ஒரு கடலும் ஒரு விளக்கும் கவிழ்ந்து கிடந்திருக்கின்றன.

இரண்டு வாரம் கழித்துத் திருத்தம் வந்தது.
நன்றி என்று ஒரு வரி, என் பெயரைத் தமிழிலேயே போட்டு.
வஞ்சிகொடி.
ஒற்று ஒன்று குறைவு.
அதற்கும் எழுதலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

ஐந்தாவதை இன்னும் திறக்கவேயில்லை.

ரெஜீஷ் கேட்கிறான், வாங்கலாமா என்று.
முத்திரையைப் பார், உன் மெமரியைப் பார்,
கடிகாரத்தைப் பார்க்காதே,
அடுத்த மாசமும் அது பின்னோக்கித்தான் ஓடும் என்றேன்.
ஒன்று மட்டும் சொல்லத் தெரியவில்லை:
கடைக்காரன் பங்கு, கட்டினவன் பங்கு,
ஒன்பதாகப் பிரித்தது, எல்லாம் போக
அவள் கையில் என் காசு எவ்வளவு விழுந்திருக்கும்.
இருபது கிலோவுக்குக் கீழே எதையும்
இந்த மேடை காட்டாது.

கோழி லாரி ஒன்று
விளக்கை அணைத்து அணைத்துக் கூப்பிடுகிறது.