தண்ணி ஏறாத வண்டி

எஸ்டீமின் கதவு பீடிங்
பாளை வெயிலில் நரைத்து, நுனி பிளந்து
ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும்
கதவைத் தட்டியது,
உள்ளே விடச் சொல்வதுபோல.

மேலப்பாளையம் சேகு உதுமான்
ஹேர் டிரையரால் சூடு காட்டி
தூண்டில் நரம்பை இடையில் விட்டு
அறுத்து எடுத்தான்.
"என்னக்கா, ஆத்தையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கியளே."

பீடிங்குக்குப் பின்னால்
விரற்கடை அகலத்துக்கு வண்டல்.
காய்ந்து வெடித்தது.
அதில் ஒரு நெல் உமி.

தண்ணியே ஏறாத வண்டி என்று
சிந்துபூந்துறை ஜெபக்கனி சார்
சத்தியம் பண்ணாத குறை.
அந்த மார்கழியில் அவர் தெருவில்
இடுப்பளவு ஓடியதை
நானும்தான் டி.வி.யில் பார்த்தேன்.
பதினைந்தாயிரம் குறைத்தார்.
நம்பினேன்.

புது பீடிங் மதுரையிலிருந்து
பஸ்ஸில் வந்தது. மூன்றுதான்.
இடது பின்கதவுக்கு எங்கேயும் இல்லையாம்.
"பசை நிக்கணும்னா துப்புரவா துடைக்கணும்க்கா."
தின்னர் நனைத்த பனியன் துணி
மூன்று கதவுகளிலிருந்து
ஆற்றை எடுத்துக்கொண்டு
டிரம்முக்குள் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை
வள்ளியூரிலிருந்து பார்க்க வருகிறார்கள்.
போனில் முதல் கேள்வியே,
"வெள்ளத்துல நின்ன வண்டியா?"
"ஹலோ, ஹலோ,
சிக்னல் சரியில்ல" என்றேன்
மொட்டைமாடியில் நின்றுகொண்டு.

நாலாவது கதவின் பழைய பீடிங்குக்குக்
கறுப்பு பாலிஷ் போட்டிருக்கிறேன்.
தூரத்திலிருந்து பார்த்தால்
அதுதான் புதுசு.
கழற்றவில்லை.
கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும்
லேசாக
நறநறக்கிறது.