பத்து நிமிடம் ஓடும்

அறிவிப்பை மாட்டியது நான்தான்:
மணிக்கு ஒருமுறை, பத்து நிமிடம்.
மீதி ஐம்பதும் மோட்டார்களுக்கு ஓய்வு.
வல்பரைசோவின் குன்றேறி மூச்சிரைக்க வருகிறவர்கள்
எப்படியோ அந்த ஐம்பதில்தான் வந்து சேர்கிறார்கள்.
அசையாத தகடுகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு
"இவ்வளவுதானா?" என்று என்னைப் பார்க்கிறார்கள்,
மிச்சத்தை நான் ஒளித்துவைத்ததுபோல.

ஹெர்மினியா ஓயார்சூன். எண்பத்து மூன்று வயது.
அறுபது ஆண்டு வேலை, ஐந்து அறை,
ஐந்து வாசலும் ஒரே நேர்கோட்டில்.
துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரில் சுழலும்
பித்தளைச் சல்லடைகள்.
உடைக்கப்போன கப்பலிலிருந்து கழற்றிய சமிக்ஞை விளக்கு.
கடைசி அறையில், அருகே போய் மூச்சுவிட்டால் நிறம் மாறும்
நானூறு கண்ணாடிக் குழல்கள்.
அவற்றின் நிரல் இன்று நிபால்டோ ஒருவனுக்குத்தான் தெரியும்.
அவனும் பாதிதான் புரிகிறது என்கிறான்.

முதல் அறையில் ஒரு குண்டு பல்பு.
வெறும் ஒயரில் தொங்குகிறது. மோட்டார் கிடையாது.
எப்போதும் எரியும்.
பட்டியலில் எண் ஒன்று. பெயர்: சமையலறை.
கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்க மட்டும்
அதன் கீழே நிற்பார்கள்.

வியாழக்கிழமை அவர் சொல்லாமல் வந்தார்,
முதியோர் கட்டணத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு.
சல்லடையின் அச்சில் விரலை வைத்தார்.
"தொடக்கூடாது" என்றேன், பழக்கத்தில்.
"சரியாகச் சொன்னாய்" என்றார்.
விரலை எடுக்கவில்லை.

நாலு ஐம்பத்தைந்து.
தரைக்குள் ஒரு லாரி உறுமியது.
தெருவில் லாரி இல்லை.

இங்கே பிறந்தவர்கள் சட்டென்று ஓடமாட்டோம்.
முதலில் விளக்கைப் பார்ப்போம்.
ஓடவேண்டுமா, தேநீரைக் குடித்து முடிக்கலாமா என்று
விளக்குதான் சொல்லும்.

ஐந்து அறையிலும் தலைகள் திரும்பின.
வாசல் வாசலாகத் தாண்டி
எல்லோர் பார்வையும் அந்த ஒற்றைப் பல்பில்.
அது ஆடியது.
சுவரில் எங்கள் நிழல்கள் நீண்டு, குறுகி, நீண்டன.
முதுகுக்குப் பின்னால் மின்சாரமே இல்லாமல்
சல்லடைகள் கலகலத்தன, குழல்கள் கிணுகிணுத்தன;
ஒருவரும் திரும்பவில்லை.
நிபால்டோ மட்டும் ஓடிவந்து
நானூறு குழல்களையும் இரண்டு கையால் ஏந்தப்போகிறவன்போல்
கைவிரித்து நின்றான்.
பள்ளிச் சீருடையில் ஒரு பையன்
ஆட்டத்தைச் சத்தமாக எண்ணினான்.
பதினேழில் விட்டுவிட்டான்.

தரை அடங்கியது.
ஒரு குழல்கூட உடையவில்லை.
யாரோ சிரித்தார்கள், யாரோ வீட்டுக்குப் போன் போட்டார்கள்.

ஐந்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன்.
மோட்டார்கள் முனகிப் பிடித்துக்கொண்டன.
கூரையெங்கும் பொன்புள்ளிகள் ஓட,
கைதட்டல், செல்போன்கள், "அடடா"க்கள்.

அவர் அத்தனைக்கும் முதுகைக் காட்டி
முதல் அறையில் அண்ணாந்து நின்றார்,
பல்பு முழுசாக நின்றுவிட்டதா என்று பார்த்தபடி.
பக்கத்தில் போய் நானும் பார்த்தேன்.

இல்லை. இன்னும் ஒரு மயிரிழை.