கோரம்

இருபது பேர் குழுவுக்கு
வந்தது நான்கு பேர்.
அதில் மூன்று பேர் நாங்களே.
நான்காவது, சத்துணவு நவமணியக்கா:
"அடுப்ப அணைச்சுட்டு வந்தனுங்,
வெரசா முடிச்சுருங்."

கோரம் இல்லை என்றெழுதி
மூன்று வருஷமாய் நோட்டை மூடியவள் நான்.
அன்று ஏனோ மூடாமல்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
சோமனூர் ரோட்டுத் தறிக்குடோனுக்குள் நுழைந்தேன்.

தறி ஓடினால் பேச்சு எடுபடாது.
புருவமெல்லாம் பஞ்சாய்
தர்ஷனின் அப்பா என் உதட்டையே பார்த்தார்.
கழிப்பறைக்கு என்ன சாடை?
நான் விழித்தேன்.
அவர் சிரித்துவிட்டு
தார் தீர்ந்த தறியை அப்படியே நிறுத்தினார்.
பிறகு பக்கத்துத் தறியையும்.
நின்ற தறிக்குக் கூலியில்லை.
கணக்கு டீச்சருக்கு அது தெரியும்.

"ஏனுங் டீச்சர், தண்ணித்தொட்டி கழுவறது
யாரு பொறுப்புங்?"
நோட்டைப் புரட்டினேன்.
அந்தக் கட்டம் காலியாக இருந்தது.
அவரே தன் பெயரை எழுதினார்,
ஒற்றுப்பிழையோடு.
நான் திருத்தவில்லை.

கிரீஸ் விரல்களில் ஏழு கையெழுத்து.
பழைய நான்கோடு பதினொன்று.

குறுவள மையக் கூட்டங்களில்
கடைசி பெஞ்சும் டீயும்தான் என் பங்கு.
அந்தச் சனிக்கிழமை எழுந்து
இதைச் சொன்னேன், கத்திக் கத்தி.
தறிக்குள் பேசிய தொண்டை
இன்னும் இறங்கியிருக்கவில்லை.

கருமத்தம்பட்டி டீச்சர் கேட்டார்:
"நைட் ஷிப்டு ஆளுகள
எப்பப் புடிக்கிறதுங்?"

தெரியவில்லை என்றேன்.
வராந்தாவில் டீ வந்துவிட்டது.
யாரும் எழுந்திருக்கவில்லை.