பாக்கி

லாங் பஜாரில் தராசு பழுதுபார்க்கும் வாஜித் கடை.
ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கைக்கடிகாரங்கள்.
கொட்டிக் காட்டச் சொன்னேன்.
செய்தித்தாள்மேல் கொட்டினார்
வறுகடலை மாதிரி.
பெயர் இருந்த இடத்தில் பழுப்புக் கறையோடு ஒன்று,
முள் இரண்டும் ஒன்பதே காலில்.
முந்நூற்றைம்பது என்றார். இருநூற்றைம்பது என்றேன்.
வெயில் நூற்றியெட்டு டிகிரி,
மேற்கொண்டு பேச இருவருக்கும் தெம்பில்லை.
முந்நூறு.

பாகாயம் குவார்ட்டர்ஸ். இரவு.
பின்மூடியில் ரப்பர் பந்தை அழுத்தித் திருகினேன்,
மூன்றாம் முறை இளகியது.
பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில்
டார்ச்சைச் சாய்த்தால் மட்டும் தெரிகிற கேடயம்,
அதற்குள் ஏ, எஸ்.
பக்கத்தில் 1130. பதினைந்து கல்.
ஊர்பேர் தெரியாதது என்பார்களே,
இதற்கு ஊர் தெரிந்துவிட்டது, சுவிட்சர்லாந்து.
பேர்தான் இல்லை.

மூடியின் உள்பக்கம் ஊசிக் கீறல்கள்,
திறந்தவர்கள் எல்லாம் வைத்துப் போனவை.
7-52.
ஆர்.கே. 61.
அதற்கும் கீழே
வலமிருந்து இடமாக ஒரு வரி.

போனில் படம் எடுத்துப்போய்க் காட்டினேன்.
வாஜித் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பேரு இல்லேம்மா. ரெண்டரை ரூபா பாக்கின்னு இருக்கு."
யாருக்கு யார் தரணும்?
"அது எழுதலே.
தெரிஞ்சவங்களுக்குள்ள எதுக்கு எழுதணும்?"

எனக்கு ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கண்காணிப்பு.
யார் உடம்பு எவ்வளவு வாங்கியது என்று
மாதாமாதம் பேட்ஜ் பார்த்துக் கணக்கெழுதுகிறவள்.
திங்கட்கிழமை கைப்பையை மேசைமேல் வைத்தேன்,
பக்கத்திலிருந்த மீட்டர்
டக் டக் டக் டக்கென்று பேச ஆரம்பித்தது.
"பையில என்ன?" என்றாள் ஹெப்சிபா.
ஓடாத கடிகாரம்.
"ஓடுதே" என்றாள்.

எண்களின்மேல் பூசியது ரேடியம்.
இருட்டறைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தோம்,
ஒரு மினுக்கம் இல்லை.
மினுங்குகிற சரக்கு என்றைக்கோ எரிந்து தீர்ந்திருக்கிறது.
ரேடியம் பாதியாகக் குறையவே
இன்னும் ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆகும்.
நான் முகத்தருகே வைத்து
ஊதி ஊதித் தூசி தட்டியதை
ஹெப்சிபாவிடம் சொல்லவில்லை.

கையுறை, கண்ணாடிக் கூண்டு, ஈரத் துணி.
முள்ளையும் டயலையும் கழற்றி ஈயக் குப்பியில் இறக்கினோம்.
படிவத்தில்
'பொருளுக்கு உரியவர்' என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்,
மீட்டர் சம்மதித்தது.
ஒயிட் பெட்ரோலில் மூன்று குளியல்.
உடைந்த பேலன்ஸ் ஊசிக்கு
அதே 1130இல் இன்னொரு பிணம் வாங்கினேன்.
ஒரு தும்மலில் பறந்துபோன ஸ்பிரிங்கைத் தேடி
இரண்டு ராத்திரி தரையில் தவழ்ந்தேன்,
கிடைத்தது
போன தீபாவளிக்குத் தொலைந்த கம்மல் திருகாணி.

வியாழக்கிழமை, காட்பாடிப் பக்கம் ஏதோ ரயில் கூவுகிற நேரம்,
கல்லுக்குக் கல் எண்ணெய் வைத்துச்
சாவியை நாலு சுற்று கொடுத்தேன்.
சக்கரம் யோசித்தது.
பிறகு யோசிக்கவில்லை.

முகம் கிடையாது, முள் கிடையாது.
மூடி போட்ட கண்ணாடித் தட்டில் கிடந்து ஓடுகிறது,
மணி கேட்டால் சொல்லத் தெரியாமல்.
மும்பையில் ஒருவர் புது டயல் அச்சடித்துத் தருகிறார்.
என்ன பேர் போடணும் மேடம்,
எந்தக் கம்பெனி வேணும்னாலும் போடலாம்
என்று கேட்டிருக்கிறார்.
ஒன்பது நாளாகிறது, பதில் போடவில்லை.

வாஜித்திடம் இரண்டரை ரூபாய் நீட்டினேன்.
சிரித்தார். ஏன் என்று கேட்கவில்லை.
இரண்டு ரூபாயைக் கல்லாவில் போட்டுவிட்டு
அரை ரூபாயைத் திருப்பித் தள்ளினார்.
"எட்டணா இப்ப யாரும் வாங்கறதில்லேம்மா."

மூடுவதற்கு முன் ஊசியை எடுத்தேன்.
அந்த வரிக்குக் கீழே, இடமிருந்து வலமாக,
எட்டணா.