கதவு மூடும் வரை

நான் அவளுக்கு ஓட்டுப் போடவில்லை.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பதினொரு ஓட்டில் ஜெயித்தாள் சிக்ரூன் தோர்வால்ட்சன்.
அதில் ஒன்றுகூடப் பெட்டி தூக்கும்
எங்கள் பக்கத்திலிருந்து போயிருக்காது.

விமானத்துக்குள் நின்று சிரிக்கிறவர்கள் அவர்கள்.
அதன் வயிற்றுக்குள் மண்டியிடுகிறவர்கள் நாங்கள்.
நடுவில் ஒரு தளம்,
நாலு விரல்கடை கனம்.
இருபது வருஷத்தில்
இந்தப் பக்கமிருந்தோ அந்தப் பக்கமிருந்தோ
ஒருவரும் தட்டிப் பார்த்ததில்லை.

வின்னிபெக்கில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
மூன்றாம் ஹேங்கரின் சாப்பாட்டு அறையில் முதல் கூட்டம்.
மைக் கரகரத்துச் செத்தது.
"நல்லதாப் போச்சு, கிட்ட வாங்க" என்றாள்.
நாங்கள் அசையவில்லை.
அவளே நடந்து வந்தாள்,
கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தபடி.

மளிகைக் கணக்கு மாதிரி வாசித்தாள்:

டிசம்பர் மூன்று, டொரோண்டோ.
இறக்கையில் பனி உருக்க வண்டி வரவில்லை.
ஆள் ஏற ஆரம்பித்ததிலிருந்து கதவு மூடும் வரை
ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிஷம்.
சம்பளம் இல்லை.

டிசம்பர் ஒன்பது, கால்கரி.
பதினாறாம் வரிசைக்காரருக்கு மூச்சுத் திணறல்.
ஆக்சிஜன் பிடித்தது நான்.
ஐம்பத்திரண்டு நிமிஷம்.
சம்பளம் இல்லை.

"கதவு மூடினாத்தான் நமக்குக் கடிகாரம் ஓடும்.
அதுவரைக்கும் நான் யாரு?
யூனிஃபார்ம் போட்ட விருந்தாளியா?"

யாரோ சிரித்தார்கள்.
லூசியன் டெலோர்ம் எழுந்தான்.
முழங்கால் இரண்டும் போய்விட்டது, நாக்கு போகவில்லை.
"உங்க கதவு உங்க கவலை.
எங்க பெல்ட் வண்டியில ஹீட்டர் செத்து
ரெண்டு குளிர்காலம் ஆச்சு.
உன் நோட்டுல அதுக்குப் பக்கம் இருக்கா?"

"இல்ல" என்றாள்.
பேனாவை நீட்டினாள். "நீங்களே எழுதுங்க."

நின்றுகொண்டே எழுதினான்,
தப்பும் தவறுமாக, அரைப் பக்கம்.
பின்னாலிருந்து மக்பனுவா கேட்டான்:
எங்களைக் குத்தகைக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டால்
பென்ஷன் என்னாகும்?

"தெரியாது. வியாழக்கிழமை சொல்றேன்."

தெரியாது.
அந்த அறையில் எந்தத் தலைவர் வாயிலிருந்தும்
அந்த வார்த்தை விழுந்ததில்லை.
முன்பிருந்த ப்ரோடிக்கு எல்லாம் தெரியும்.
தெரிந்துதான் போன ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

வியாழன், விடிகாலை நாலரை.
எட்மண்டன் விமானத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம்.
தொளதொளத்த ஆரஞ்சு அங்கியில்
யாரோ பனியில் வழுக்கி வழுக்கி வந்தார்கள்.
அன்று அவளுக்கு விடுமுறை நாள்.

மக்பனுவாவின் காதிலிருந்த அடைப்பானை விலக்கி,
இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.
கெட்ட செய்திதான்.
இப்போதைய ஒப்பந்தப்படி
அவனுடைய ஏழு வருஷம் கணக்கில் சேராது.
"எதிர்த்து நிக்கலாம்.
ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

மனுவை நீட்டினாள். பேனா உறைந்திருந்தது.
அக்குளில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தாள்.
மக்பனுவா போட்டான். லூசியன் கிறுக்கினான்.
என் முறை வந்தபோது மை மறுபடி நின்றுவிட்டது.
பெயர் விழுந்தது, நிறமில்லாமல்,
காகிதத்தில் வெறும் பள்ளமாக.

"இது செல்லுமா?"

டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தாள்,
கையுறையைக் கழற்றி விரலால் தடவினாள்.
"இருக்கு" என்றாள்.

அப்புறம் யாரும் கேட்காமலேயே
மிச்சமிருந்த பெட்டிகளில் ஒன்றைத் தூக்கினாள்.
முதுகை வளைத்து, தப்பாக.
"முட்டியை மடக்கு, முட்டியை!" என்று கத்தினேன்.
சங்கத்தில் நான் ஆற்றிய முதல் உரை அது.

சரக்குக் கதவை அறைந்து சாத்தியபோது
மணி ஐந்து பன்னிரண்டு.
இத்தனை வருஷத்தில்
அன்றைக்குத்தான் பார்த்துவைத்தேன்.